ஏடும் வேட்டும்

இருபத்தேழு சொற்கள்! ஆங்கிலத்தில் அச்சிட்டால் இரண்டு மூன்று வரி தேறும். அந்த இரண்டு மூன்று வரிகளை முன்னே வைத்துக்கொண்டு ஒரு பெருநாடு தலைமுறை தலைமுறையாக வழக்காடிக் கொண்டிருக்கிறது. வழக்கும் முடிந்தபாடில்லை, வேட்டொலியும் ஓய்ந்தபாடில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தைப் பற்றித்தான் கூறுகிறோம். 1791-ல் நடைமுறைக்கு வந்தது அது. ஒழுங்குபட அமைந்த குடிப்படை சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்று தொடங்கும். ஆயுதம் வைத்திருக்கவும் தாங்கவும் மக்களுக்குள்ள உரிமையில் கைவைக்கலாகாது என்று முடியும்.

தொடக்கத்தைப் படிப்பவர்கள் ஒரு கட்சி. முடிவை மட்டும் படிப்பவர்கள் மற்றொரு கட்சி. முடிவை மட்டும் படித்த கட்சிதான் இன்று வென்று நிற்கிறது.

வென்றதன் விளைவென்ன? 2017-ல் எடுக்கப்பட்ட ஒரு மதிப்பீட்டின்படி அந்நாட்டுப் பொதுமக்களிடம் இருந்த துப்பாக்கிகள் 39 கோடிக்கு மேல். மக்கள்தொகையோ 33 கோடிக்கும் குறைவு. தொட்டிற் குழந்தையையும் சேர்த்துத் தலைக்கொன்று கொடுத்த பின்னும் துப்பாக்கி மிஞ்சும்! 2023-ம் ஆண்டில் மட்டும் துப்பாக்கிக்கு இரையானோர் 46,728 பேர். நாளொன்றுக்கு 128 உயிர். போர்க்களமல்ல, பள்ளிக்கூடம், எல்லைப்புறமல்ல, கடைவீதி, கோயில், வீட்டுக்கூடம்!

திங்களில் மனிதனை நடக்கவைத்த நாடு. நோய்க்கிருமிகளைத் தேடித் தேடி அழிக்கும் நாடு. அந்த நாட்டுக்கு இந்த நோய் தீர்க்க மருந்து கிட்டவில்லையா? கேட்டால் விடை வருகிறது — “முன்னோர் எழுதி வைத்தது, எங்கள் பிறப்புரிமை, கைவைக்காதே!”

இந்தப் பல்லவி நம் செவிக்குப் புதிதன்று, தோழர்களே! ஏட்டைக் காட்டி வாயடைக்கும் வித்தையை நாம் கண்டிருக்கிறோம். ஆகவே எந்த ஏட்டை நீட்டினாலும் நாம் கேட்கும் கேள்விகளையே இதனிடமும் கேட்போம். எழுதியவர் யார்? எப்போது எழுதினர்? யாருக்காக எழுதினர்? எழுதும்போது யாரைக் கதவுக்கு வெளியே நிறுத்தினர்?

வெளியே நிறுத்தப்பட்டவரிலிருந்தே தொடங்குவோம். திருத்தம் எழுதப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, 1640-ல், வெர்சீனியாக் குடியேற்றத்தில் ஒரு சட்டம் இருந்தது. வீட்டுக்கு வீடு ஆயுதம் இருக்க வேண்டும் என்றது அது. யாருக்கு? கறுப்பர் நீங்கலாக மற்றவர்க்கு! ஒரு கையில் துப்பாக்கியும் மறு கையில் சாட்டையுமாக நின்றவனுக்கு, சாட்டையடி பட்டவன் கையில் துப்பாக்கி வந்துவிடுமோ என்ற அச்சம் உறக்கத்திலும் நீங்கியதில்லை. தென்மாநிலங்களில் குடிப்படையினர் அடிமைகளைக் கண்காணிக்கும் இரவுக் காவலிலும் ஈடுபட்டனர். அந்தக் குடிப்படையைக் காக்கத்தான் திருத்தம் பிறந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அடிமையாயிருந்தவனை நினைத்து ‘மக்கள்’ என்ற சொல்லை எழுதவில்லை என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

கொடுங்கோல் அரசு தோன்றினால் எதிர்த்தெழுவதற்காகவே மக்களுக்குத் துப்பாக்கி தரப்பட்டது என்று வீரம் பேசுவோர் உண்டு. நல்லது. திருத்தத்தின் மை காய்ந்த மூன்றே ஆண்டில், 1794-ல், சாராய வரியை எதிர்த்து மேற்குப் பென்சில்வேனியா உழவர்கள் துப்பாக்கி ஏந்தி எழுந்தனர். தலைவர் வாசிங்டன் என்ன செய்தார்? “ஆகா, திருத்தத்தின் நோக்கம் நிறைவேறியது!” என்று மாலை சூட்டினாரா? ஏறத்தாழ 13,000 குடிப்படையினரைத் திரட்டினார், தாமே குதிரையேறி வழியின் ஒரு பகுதிவரை உடன் சென்றார், கிளர்ச்சி அடங்கிற்று. எழுதிய தலைமுறை, எழுதியதற்குக் கொண்ட பொருள் அது!

1857-ல் வந்தது டிரெட் ஸ்காட் வழக்கு. கறுப்பர் அந்நாட்டுக் குடிமகனாக முடியாது என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி டேனி தீர்ப்பெழுதினார். குடிமகன் என்று ஒப்புக்கொண்டால் என்னென்ன விபரீதம் நேரும் என்று அவரே பட்டியலிட்டார். அந்தப் பட்டியலில் ஒன்று, அவன் போகுமிடமெல்லாம் ஆயுதம் தாங்கிச் செல்லும் உரிமை பெற்றுவிடுவான் என்பது. உரிமை என்பது வெள்ளையனிடம் இருந்தால் பிறப்புரிமை, கறுப்பனிடம் போனால் விபரீதம்!

உள்நாட்டுப் போர் முடிந்தது, விலங்கு ஒடிந்தது. ஒடிந்த அதே ஆண்டில், 1865-ல், மிசிசிப்பி மாநிலம் புதுச் சட்டமியற்றிற்று: விடுதலை பெற்ற கறுப்பர் உரிமச் சீட்டின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். எட்டாண்டு கழித்து லூசியானாவிலுள்ள கோல்பாக்சு என்ற ஊரில், ஈஸ்டர் ஞாயிறன்று, வெள்ளையர் கூட்டமொன்று கறுப்பின மக்களைக் கொன்று குவித்தது. சரணடைந்த பின்னும் சுட்டனர். செத்தவர் எண்ணிக்கையைக்கூட யாரும் சரிவர எழுதி வைக்கவில்லை; 60 என்பார், 150 என்பார். உயிருக்கு அங்கே இருந்த மதிப்பு அவ்வளவே. குற்றவாளிகளில் மூவருக்குக் கிடைத்த தண்டனையையும் 1876-ல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இரண்டாவது திருத்தம் நடுவண் அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியார் ஆயுதம் பறித்தால் அது கேளாது என்றது தீர்ப்பு.

கடல் கடந்த கதைதானே என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டே ஆண்டு கழித்து, 1878-ல், லிட்டன் துரை இந்தியாவில் ஆயுதச் சட்டம் கொண்டு வந்தார். இந்தியன் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும், வெள்ளையனுக்கு விலக்கு! அதே ஆண்டில்தான் தாய்மொழி ஏடுகளின் வாய்க்குப் பூட்டுப் போட்ட சட்டமும் வந்தது. மேனியின் நிறம் பார்த்துத் துப்பாக்கி வழங்கும் வழக்கத்துக்குக் கடல் ஒரு தடையாக இருந்ததில்லை.

மீண்டும் அமெரிக்கா செல்வோம். குதிரை, தொப்பி, இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கி — திரைப்படம் காட்டும் மேற்குச் சீமை நமக்கெல்லாம் பழக்கம். நம்மூர்க் கொட்டகைகளில் விசிலடித்துப் பார்த்ததுதான். ஆனால் படத்தில் காட்டாத ஒன்றுண்டு. அந்தச் சீமையின் பேர்போன ஊர்கள் பலவற்றில், ஊருக்குள் துப்பாக்கியோடு நடமாடத் தடை இருந்தது! அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரிலும் 1881-ல் அப்படி ஒரு நகராட்சி விதி இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 26-ல் அங்கே நடந்த அரை நிமிடச் சண்டை பற்றி எத்தனையோ படங்கள் வந்துவிட்டன. அது மூண்டதே, விதியை மீறி ஆயுதத்தோடு ஊருக்குள் நின்றவர்களிடம் ஆயுதத்தைப் பறிக்கக் காவலர் சென்றதால்தான். ‘எங்கள் மரபு’ என்று மார்தட்டுகிறார்களே, அந்த மரபிலேயே கட்டுப்பாடும் இருந்தது. மரபு பேசுவோர் எந்த நாட்டிலும் பாதியைத்தான் பேசுவர் போலும்!

தேசியத் துப்பாக்கிச் சங்கம் என்றொரு அமைப்பு உண்டு. 1871-ல் நியூயார்க்கில் அதைத் தொடங்கியவர்கள் வடபுலத்துப் படையதிகாரிகள். போரில் நம் சிப்பாய்கள் குறிபார்த்துச் சுடத் தெரியாதிருந்தனரே என்ற கவலைதான் காரணம், சட்டப் போராட்டமல்ல. 1934-ல் எந்திரத் துப்பாக்கிக்குக் கடும் வரி விதிக்கப்பட்டபோது, கட்டுப்பாடே கூடாது என்று அதன் தலைவர் வாதிடவில்லை. 1939-ல் உச்ச நீதிமன்றம், குழல் குறுக்கிய துப்பாக்கிக்கும் குடிப்படைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு, அதற்குத் திருத்தத்தின் காப்பில்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. இருபத்தேழு சொற்களும் அப்போது மாறவில்லை, இன்றும் மாறவில்லை. பொருள்தான் மாறிற்று. மாற்றப்பட்டது என்பதே சரி.

எப்போது மாற்றப்பட்டது? அதைக் காணுமுன், ஒரு காட்சியில் சற்று நின்று பார்ப்பது நலம்.

1966 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஓக்லண்டு நகரில் கருஞ்சிறுத்தைக் கட்சி பிறந்தது. காவலர் கறுப்பின இளைஞரைத் தெருவில் நிறுத்தி அடிப்பது அங்கே அன்றாட நிகழ்ச்சி. சிறுத்தைகள் என்ன செய்தனர்? ஒரு கையில் சட்டப் புத்தகம், மறு கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி. காவலரின் வண்டியைப் பின்தொடர்ந்தனர், விலகி நின்று கவனித்தனர். சட்டப்படி அது குற்றமன்று. வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தலாம் என்பதுதானே அம்மாநில விதி! உடனே பதறியது ஆளும் வட்டாரம். தெருவில் குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு நடமாடத் தடை கோரும் மசோதா வந்தது. அதை எதிர்த்து 1967 மே 2-ல், ஆண்களும் பெண்களுமாக முப்பது பேர், துப்பாக்கியோடு சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள் நடந்தனர். மசோதா மேலும் கடுமையாயிற்று, மேலும் விரைந்தது. மூன்று மாதம் முடியுமுன் சட்டமாயிற்று. கையெழுத்திட்ட ஆளுநர் யார் தெரியுமா? ரொனால்டு ரீகன்! தெருவில் குடிமகனுக்குத் துப்பாக்கி எதற்கு என்று அன்று கேட்டார் அவர். 1980-ல், தேசியத் துப்பாக்கிச் சங்கம் தன் வரலாற்றில் முதன்முறையாக ஒரு குடியரசுத் தலைவர் வேட்பாளரை ஆதரித்தது. அந்த வேட்பாளரும் அவரே! மறு ஆண்டு, 1981 மார்ச்சில், அவரே சுடப்பட்டார், உயிர் தப்பினார். உடனிருந்த செயலாளர் பிரேடி வாழ்நாள் முழுதும் முடங்கினார். பதவியிலிருந்து இறங்கிய பின், பிரேடியின் பெயரால் வந்த கட்டுப்பாட்டு மசோதாவுக்கு ரீகன் ஆதரவு தெரிவித்தார்; 1993-ல் அது சட்டமாயிற்று.

இதனோடு இன்னொன்றை வைத்துப் பாருங்கள். 1963 நவம்பரில் கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, பத்திரிகை விளம்பரம் பார்த்துத் தபாலில் வரவழைக்கப்பட்டது. அஞ்சற்செலவு உட்பட 21 டாலர் 45 சென்ட்; பெயரும் பொய்ப்பெயர். நாட்டின் தலைவரே மாண்டார். தபால்வழித் துப்பாக்கி விற்பனையைத் தடுக்கும் சட்டம் எப்போது வந்தது? 1968-ல்! இடையில் ஐந்தாண்டு. மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் வீழவேண்டியிருந்தது. கறுப்பின இளைஞர் முப்பது பேர் ஒருவரையும் சுடாமல் நடந்து சென்றதற்கு மூன்று மாதம் போதுமாயிருந்தது.

பொருள் மாற்றிய கதைக்கு வருவோம். 1977-ல் சின்சினாட்டி நகரில் கூடிய துப்பாக்கிச் சங்க மாநாட்டில், வேட்டையும் குறிபார்த்தலுமே போதும் என்ற பழைய நிர்வாகிகள் வீழ்த்தப்பட்டனர். எந்தக் கட்டுப்பாட்டையும் ஏற்காதோர் சங்கத்தைக் கைப்பற்றினர். தலைமை அலுவலகத்தில் இரண்டாவது திருத்தத்தைப் பொறித்து வைத்தபோது, குடிப்படை பற்றிய முதற்பாதியை விட்டுவிட்டனர்! சுலோகத்தில் தமக்கு வேண்டிய அடியை மட்டும் ஓதும் புரோகிதரைக் கண்ட நமக்கு இதில் வியப்பென்ன? ஓய்வு பெற்ற தலைமை நீதிபதி வாரன் பர்கர் பழமைவாதிதான். அவரே 1991-ல், இந்தத் திருத்தத்துக்குக் கூறப்படும் புதுப்பொருள் அமெரிக்க மக்களை ஏமாற்றும் பெருமோசடி என்று தொலைக்காட்சியில் குமுறினார்.

பொருளை மாற்றியதோடு நின்றாரில்லை. ஆராய்ச்சிக்கும் அணை போட்டனர். துப்பாக்கிச் சாவை ஒரு நோயைப்போல் ஆராய்ந்து காரணம் கண்டுபிடிக்க முயன்றது அரசின் நோய்த் தடுப்பு நிலையம். 1996-ல் டிக்கி என்ற உறுப்பினர் பெயரால் ஒரு விதி வந்தது: நிலையத்தின் பணம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டைப் பரப்பப் பயன்படலாகாது. அத்தோடு, அந்த ஆராய்ச்சிக்குச் செலவான 26 இலட்சம் டாலரும் அப்படியே வெட்டப்பட்டது. ஆராய்ச்சி ஏறக்குறைய நின்றது. எண்ணாதே, அளக்காதே, ஏனென்று கேளாதே! 2012-ல் அந்த டிக்கியே, தாம் எதிர்த்த விஞ்ஞானியோடு சேர்ந்து கட்டுரை எழுதி, ஆராய்ச்சி தொடரவேண்டும் என்றார். பெருந்தன்மைதான், ஆனால் மீண்டும் பணம் ஒதுக்கப்பட்டது 2019 இறுதியில்! இருபதாண்டுக்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறது, விஞ்ஞானத்தில் முதலிடம் என்று பெயரெடுத்த நாடு.

2008-ல் உச்ச நீதிமன்றம் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறமாகப் பிரிந்து நின்று, குடிப்படையோடு தொடர்பின்றித் தனிமனிதனுக்கே உரிய உரிமை இது என்று முதன்முறையாகத் தீர்ப்பளித்தது. 217 ஆண்டு கழித்துக் கண்டெடுத்த பொருள்! 2022-ல் மேலும் ஒரு படி: இன்று ஒரு கட்டுப்பாடு வேண்டுமானால், அதையொத்த கட்டுப்பாடு அக்கால மரபில் இருந்ததா என்று காட்டவேண்டும் என்றனர். கைத்துப்பாக்கி ஒரு குண்டு சுட்டபின் மருந்து கிட்டித்து மறுபடி நிரப்பவேண்டிய காலத்தில் வாழ்ந்தவர்களைக் கேட்டு, நிமிடத்துக்குப் பல பத்துக் குண்டு பொழியும் கருவிக்கு விதி செய்யவேண்டுமாம். காதலியை அடித்து மிரட்டியதற்காக நீதிமன்ற ஆணைக்கு உட்பட்டவனிடம் துப்பாக்கி இருக்கலாமா என்பதற்கும் பழஞ்சுவடி புரட்டினர். நல்லவேளையாக, 2024-ல் எட்டு நீதிபதிகள் கூடாது என்றனர். ஒருவர் அப்போதும் இசையவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே, 2012 டிசம்பர் 14-ல், கனெக்டிகட் மாநிலத்து நியூடவுன் ஊரில் சாண்டி ஹூக் பள்ளி. இருபது குழந்தைகள், ஆறும் ஏழும் வயது. ஆறு பெரியவர்கள், பிள்ளைகளைக் காக்க முன்னே பாய்ந்தோரும் அவருள் உண்டு. நாடு அழுதது, குடியரசுத் தலைவர் ஒபாமா கண்ணீரைத் துடைத்துக்கொண்டு பேசினார். நான்கு மாதம் கழித்துச் செனட் சபைக்கு ஒரு மசோதா வந்தது. துப்பாக்கியைப் பறிப்பதன்று, வாங்குபவன் குற்றவாளியா என்று விசாரிப்பதை விரிவாக்குவது, அவ்வளவே. ஆதரவு 54, எதிர்ப்பு 46. அறுபது வேண்டுமென்பது அச்சபையின் நடைமுறை. மசோதா வீழ்ந்தது. காண்மாடத்தில் பெற்றோர் அமர்ந்திருந்தனர். 2022-ல் டெக்சாசின் உவால்டியில் மேலும் பத்தொன்பது குழந்தைகள் மாண்ட பிறகே, ஏறத்தாழ முப்பதாண்டில் முதன்முறையாக, ஒரு சிறு சட்டம் நிறைவேறிற்று.

முடியாததா இது? 1996 ஏப்ரல் 28-ல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டனர். தலைமை அமைச்சர் ஜான் ஹோவர்டு புரட்சிக்காரரல்ல, பழமைக் கட்சிக்காரர். பதவியேற்று இரண்டு மாதமும் ஆகவில்லை. பன்னிரண்டே நாளில் மாநிலங்களை இசையவைத்தார். துப்பாக்கி உடைமையாளர் கூட்டத்தில் குண்டு துளைக்காத உடையணிந்து நின்று பேசினார். தம் கட்சிக்கு வாக்களித்தவரிடமே 6 இலட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி நொறுக்கினார். அதற்கான பணம் மக்கள்மீது விதித்த சிறு வரியிலிருந்து வந்தது. அவர்களிடம் புனித ஏடு இல்லை. அதனால் கைகள் கட்டப்படவில்லை.

துப்பாக்கி வேண்டுமென்போர் அனைவரும் கொலைவெறியர் என்று எழுதிவிட்டால் நமக்கு எளிது. ஆனால் அது உண்மையாகாது. காவல் நிலையம் எட்டாத தொலைவிலுள்ள உழவன் இருக்கிறான். காவலரே பகைவராயிருந்த கறுப்பர் இருந்தனர். 1892-ல் மெம்பிசு நகரில் தம் நண்பர் மூவரைக் கும்பல் கொன்றதை அறிந்த இதழாசிரியை ஐடா வெல்ஸ், சட்டம் காக்காத கறுப்பர் வீட்டில் துப்பாக்கிக்கு மதிப்பான இடம் இருக்கவேண்டும் என எழுதினார். அவர்மீது குற்றம் காண நமக்கு மனம் வரவில்லை. ஆனால் இன்றைய கணக்கைப் பாருங்கள். 2023-ல் மாண்ட 46,728 பேரில் 27,300 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். திருடனுக்கென்று வாங்கிய துப்பாக்கி! தற்கொலைக்கு முயன்று பிழைத்தோரில் மிகப் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் மடிவதில்லை என்று மருத்துவ ஆராய்ச்சி காட்டுகிறது. துயரம் ஒரு நாழிகையில் தணியக்கூடும். துப்பாக்கியோ பெரும்பாலும் மறுமுறை வாய்ப்பளிப்பதில்லை. உரிமை பற்றிய மேடைப் பேச்சில் இந்த 27,300 பேர் வருவதேயில்லை.

வீட்டுத் துப்பாக்கி காக்குமா என்ற கேள்வியை ஏட்டறிவாலன்றித் தம் வாசலில் நின்று எண்ணிப் பார்த்த ஒருவரைப் பற்றிக் கூறி முடிப்போம். பாதிரியார், அவர் சமயம் நமதன்று. 1956 ஜனவரி 30-ல் மான்ட்கோமரியில் மார்ட்டின் லூதர் கிங் வீட்டின்மீது வெடிகுண்டு வீசினர். உள்ளே மனைவியும் கைக்குழந்தையும், உயிர் தப்பினர். ஆயுதங்களோடு திரண்ட கறுப்பின மக்களை, உடைந்த வாசலில் நின்றே அமைதிப்படுத்தி அனுப்பினார். பின்னர் அவரும் துப்பாக்கி உரிமத்துக்கு மனுச் செய்தார்; கறுப்பருக்கு அது கிட்டவில்லை. வீட்டைச் சுற்றித் துப்பாக்கிக் காவல். பார்க்க வந்த நண்பர் ஒருவர் அமரப்போன நாற்காலியிலேயே ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது. மனைவியோடு கலந்து எண்ணினார் கிங். தம் வீட்டில் துப்பாக்கி வேண்டாமென முடிவு செய்தார்.

1968 ஏப்ரல் 4-ல் அவரைச் சுட்டுக் கொன்றனர். அதோடு முடியவில்லை. 1974 ஜூன் 30, ஞாயிற்றுக்கிழமை. அட்லாண்டாவில் அக்குடும்பத்தார் பணியாற்றிய தேவாலயத்தில் இசைப்பெட்டி வாசித்துக் கொண்டிருந்தார் அவருடைய அன்னை ஆல்பர்ட்டா. முன்வரிசையிலிருந்து எழுந்த இருபத்து மூன்று வயது இளைஞன் அந்த மூதாட்டியைச் சுட்டுக் கொன்றான். அவனிடம் இருந்தவை இரண்டு கைத்துப்பாக்கிகள். நீதிமன்றம் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. 1995-ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. மரண தண்டனையைக் கிங் குடும்பத்தார் எதிர்த்து நின்றது அதற்கு ஒரு காரணம்.